பன்னிரண்டாம் வாய்ப்பாடு

மணமகள் தலை நிமிர்த்தும் இடத்தில்
பெட்டி வெடித்தது.
பெரிய சத்தமில்லை. அடுப்பில் விழுந்த
புளியங்கொட்டை தெறித்த மாதிரி ஒன்று.
மறுகா நாற்றம்.
மறுகா கறுப்புத் திரை,
அதில் நான்.

திருக்கோவில் கலியாணம்.
வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.
வாங்கிய முற்பணம்
பால்மாவாகி, கரண்ட் பில்லாகிப் போய்விட்டது.

பெரியகல்லாற்றில் ஏறிக் கல்முனையில் இறங்கினேன்.
கடையில் இன்ஸாப் இரண்டு பெட்டியை வைத்தார்.
ஒன்றில், நெருப்புப் பிடித்த எழுத்தில், 600.
மற்றதில் 550,
சாம்பல் அட்டையில் வெட்கப்பட்டு ஒரு மூலையில்.
அறுநூறு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
ஐந்நூற்றைம்பது பத்தொன்பதாயிரம்.

'கூடினது குறைய, குறைஞ்சது கூட.
இதென்னகா கணக்கு?'

அவர் சிரித்து மூன்றாவதைக் காட்டினார்.
கண்ணாடிக்குள்ளே எண்ணூற்றைம்பது,
கடையிலேயே அதற்கு மட்டும்தான் தனி லைட்.
அது பூசணிக்காய் ஒன்றுக்கு லொறி பிடிக்கிற வேலை.
அதை அவரே சொல்லிவிட்டார், பாவம்,
வியாபாரி சொல்லக்கூடாத வசனம்.

பஸ் டிக்கட்டின் பின்புறம் எழுதினேன்.
கிராபிக்ஸ் கார்ட்டுக்கு நூற்றெழுபது.
ப்ரொசஸருக்கு அறுபத்தைந்து என்கிறார்கள்;
கலியாண வீடியோ அரைக்கும்போது
அது தொண்ணூறுக்கு ஏறும், எனக்குத் தெரியும்.
போர்ட், ராம், இரண்டு டிஸ்க், மூன்று காற்றாடி
எல்லாம் சேர்த்து அறுபது போடுவோம்.
முந்நூற்றிருபது.

'அறுநூறு தாராளம்தானே?'

'அக்கா, கார்ட் சிலநேரம் கண் இமைக்கிறதுக்குள்ள
ரெண்டு மடங்கு இழுத்துப்போடும்.
அரை வயிறு, முக்கால் வயிறு,
அவ்வளவோட ஓடினாத்தான் பெட்டிக்கு நல்லம்.
மனிசரும் இப்பிடித்தான்...'

'மனிசரை விடுங்க தம்பி.
பெட்டியைச் சொல்லுங்க.'

அவர் அறுநூறைக் கிறுக்கி வைத்தார்.
அடியில், கடுகெழுத்தில், ஒரு சின்ன அட்டவணை.
பன்னிரண்டு வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே
இருபத்தெட்டு அம்பியர்.
'கார்டும் ப்ரொசஸரும் குடிக்கிறது
இந்தக் கிணத்திலதான். பெருக்கிப் பாருங்க.'

ஐந்தாம் வகுப்பில் நான் விக்கி நின்ற வாய்ப்பாடு.
பன்னிரண்டு இருபது இருநூற்று நாற்பது,
பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு.
முந்நூற்று முப்பத்தாறு.
மிச்சம்?
ஒரு கலியாண வீட்டுப் பல்பும் எரியாத மிச்சம்.

சாம்பல் பெட்டியைக் கிறுக்கினோம்.
நாற்பத்தைந்து அம்பியர்.
ஐந்நூற்று நாற்பது.
முன்பக்கம் சொன்னதைப்
பின்பக்கமும் சொல்லுகிற பெட்டி.

இரண்டையும் கையில் தூக்கினேன்.
அறுநூறு, பொரி மூட்டை.
மற்றது கையை இறக்கியது.
பத்தாயிரம் இன்று, மிச்சம் மாத முடிவில்.
இன்ஸாப் கொப்பியில் என் பெயரை
'டிலோயா' என்று எழுதினார்.
திருத்தவில்லை. கடன்காரி டிலோயா,
நான் டிலோஜா.

திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
கல்லாற்றுப் பாலத்தில் பக்கத்து மனுசி கேட்டாள்,
'கேக்கா புள்ள?'
ஓம் என்றேன்.

இரவு ஏழு மணி.
ஊர் முழுக்கச் சோறு வேகிறது, மோட்டர் ஓடுகிறது,
கரண்ட் மெலிகிறது.
மேலே காற்றாடி களைத்துச் சுற்ற,
கீழே சாம்பல் பெட்டி மூச்சுக் காட்டாமல் கிடக்கிறது.
எண்பத்தொன்று வீதம்.
எண்பத்திரண்டு.
எண்பத்து மூன்றில்தான் போன தடவை.

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.

மணமகள் தலையை நிமிர்த்துகிறாள்.
மூக்குத்தி கொஞ்சம் கோணல்.
யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.